ஊர்க் களஞ்சியம்: உபரியைச் சேர்த்துப் பசியைத் தவிர்க்கும் தானிய வங்கி

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் முதுமொழி. ஆனால் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு ஆடி, விதைக்கும் மாதம் மட்டுமன்று. குதிரில் தானியம் தீர்ந்துபோகும் மாதமும் அதுவே. தை மாதத்தில் களத்திற்கு வந்த தானியத்தில் ஒரு பகுதி, பழைய கடனுக்காகக் களத்து மேட்டிலேயே அளந்து கொடுக்கப்பட்டுவிடுகிறது. மற்றொரு பகுதி, கைச்செலவுக்காக அறுவடைக் காலத்தின் குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. எஞ்சியது வைகாசி வரை வருகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை உள்ள நான்கு மாதங்களில், விதைக்கென எடுத்துவைத்த தானியமும் உலைக்குப் போய்விடுகிறது. பிறகு, ஒரு மூட்டை வாங்கினால் ஒன்றரை மூட்டையாகத் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டுப்பாட்டில் கடன் வாங்கி விதைக்க வேண்டியதாகிறது.

இதே ஊரில், இதே ஆடி மாதத்தில், வேறொரு வீட்டில் சென்ற ஆண்டின் கேழ்வரகு மூட்டை மூட்டையாகக் கிடப்பதையும் நாம் காண்கிறோம். அடுத்த வீட்டில் சோளம் வண்டு விழுந்து மாவாகிறது. ஆகவே, பல ஊர்களில் குறைவாக இருப்பது தானியம் அன்று. உபரி உள்ள வீட்டிலிருந்து பற்றாக்குறை உள்ள வீட்டிற்கு, கடன்சுமை ஏற்றாமல் தானியத்தைக் கொண்டு செல்லும் ஓர் ஏற்பாடுதான் குறைவு. அந்த ஏற்பாடே தானிய வங்கி. அதை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நிலைக்கச் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தானிய வங்கி என்றால் என்ன?

பணத்துக்குப் பதிலாகத் தானியத்தை வைப்பாகப் பெற்று, தானியமாகவே கடன் கொடுத்து, தானியமாகவே திரும்பப் பெறும் ஊர்ப் பொது அமைப்பே தானிய வங்கியாகும். அறுவடையின்போது உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தானியத்தைச் செலுத்துகின்றனர். பற்றாக்குறை மாதங்களில் தேவைப்படுவோர் கடனாகப் பெறுகின்றனர். அடுத்த அறுவடையில், வாங்கிய அளவுடன் சிறிது கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செலுத்துகின்றனர். அந்தக் கூடுதல் எந்தத் தனி மனிதருக்கும் சேருவதில்லை. வங்கியின் இருப்பிலேயே சேருகிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. வீட்டுத் திருமணத்திற்கு வந்த மொய்யை நோட்டில் எழுதி வைத்து, எழுதியவர் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூட்டியே திருப்பிச் செய்வது நம் வழக்கம். எவரும் வழக்குமன்றம் போவதில்லை. ஊர் அறிந்த கணக்கு என்பதே அதற்குப் பாதுகாப்பு. தானிய வங்கியும் இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. வங்காளம், பீகார், ஒடிசா பகுதிகளில் 'தரும கோலா' என்ற பெயரில் ஊர்ப் பொதுக் களஞ்சியங்கள் இருந்தன. இரவீந்திரநாத் தாகூர் 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராமப் புனரமைப்பு நிலையமும் சுற்றுப்புற ஊர்களில் இத்தகைய களஞ்சியங்களை ஏற்படுத்த முயன்றது. நம் கொல்லிமலையில் சாமையைச் சேமிக்கத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி மண் பூசிய 'தொம்பை'கள் இருந்தன. அம்மலையில் சிறுதானியம் பயிரிட்ட நிலம் மரவள்ளிக்கு மாறியபோது, வீட்டு உணவும் கடைத்தெருவை நம்பும் நிலைக்கு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்குள்ள மலைவாழ் மக்களுடன் சேர்ந்து விதை வங்கி, தானிய வங்கிப் பணிகளை மேற்கொண்டது.

ஜஹீராபாத் பெண்கள் காட்டிய வழி

தானிய வங்கியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள், தக்காணத்து வறண்ட நிலத்து ஏழைப் பெண்கள். இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்திலும், முன்பு ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்திலும் அடங்கிய ஜஹீராபாத் வட்டாரத்தில், 1983-இல் 'தக்காண வளர்ச்சிக் கழகம்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் பெண்கள் சங்கங்கள் அமைந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகள்.

அவ்வூர்களில் நிலம் இருந்தது. ஆனால் உழுது விதைக்க முதல் இல்லாமல் பல ஏக்கர் தரிசாகக் கிடந்தது. 1990-களின் நடுவில் இப்பெண்கள் ஒரு திட்டம் வகுத்தனர். தரிசு நிலத்தைத் திருத்தி உழவும், தொழு உரம் இடவும், விதைக்கவும் விவசாயிக்குச் சங்கம் கடன் கொடுத்தது. அக்கடனை அவர் பணமாகத் திருப்பித் தரவேண்டியதில்லை. விளைந்த சோளமாகப் பல தவணைகளில் ஊர்க் களஞ்சியத்தில் அளந்தால் போதும். இவ்வாறு சேர்ந்த சோளம், பற்றாக்குறை மாதங்களில் அவ்வூர் ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் வழங்கப்பட்டது.

இங்கு நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, எவருக்கு எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்த முறையாகும். ஊர்மக்களைக் கூட்டி, தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாக எவர் மிக ஏழை, எவர் ஓரளவு தாங்கக்கூடியவர் என்று அனைவர் முன்னிலையிலும் பேசித் தீர்மானித்தனர். மிக ஏழைக்கு அதிகப் பங்கு. சற்று வசதி உள்ளவருக்குக் குறைந்த பங்கு. ஊரே கூடிச் செய்த முடிவாதலால் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. இந்தப் பெண்கள் சங்கங்களின் பணிக்காக 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர்' பரிசு வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று: தானியம் அந்த ஊர் மண்ணிலேயே விளைந்தது; அந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டது; பங்கிடும் பொறுப்பு அந்த ஊர்ப் பெண்களிடமே இருந்தது.

தானியம் ஏன் திரும்பி வருவதில்லை?

மைய அரசும் 1996-97-இல் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளுக்கெனக் கிராம தானிய வங்கித் திட்டத்தைத் தொடங்கியது. 2004-இல் இத்திட்டம் உணவு, பொது விநியோகத் துறைக்கு மாற்றப்பட்டது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களை ஒரு குழுவாக்கி, குடும்பத்துக்கு 40 கிலோ என்ற கணக்கில் தொடக்க இருப்பாகத் தானியம் வழங்கப்பட்டது. நல்ல நோக்கமுள்ள திட்டந்தான். எனினும், முதல் ஆண்டு கொடுத்த தானியம் திரும்பி வராமல் செயலற்றுப்போன வங்கிகளும் உண்டு.

காரணம் தெளிவானது. வெளியிலிருந்து வந்த தானியத்தை மக்கள் உதவியாகவே கருதுவர். அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வராது. தான் சுமந்து வந்து கொட்டிய ஒரு மரக்கால் தானியம் அக்களஞ்சியத்தில் இருந்தால்தான், அடுத்தவர் வாங்கியது திரும்புகிறதா என்று ஒருவர் கவனிப்பார். ஆகவே, வெளி உதவி கிடைத்தாலும், உறுப்பினர்கள் தம் பங்கைச் செலுத்திய பிறகே அதனைப் பெறுவது நலம்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

40 குடும்பங்கள் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். நிலமுள்ள 30 குடும்பங்கள் தலைக்கு 25 கிலோ கேழ்வரகு செலுத்தினால் 750 கிலோ சேரும். நிலமில்லாத 10 குடும்பங்கள் தம் பங்கை உழைப்பாகச் செலுத்துகின்றன.

சேமிப்பில் 15 கிலோ கழிவு போனால் மிச்சம் 735 கிலோ. இதில் 75 கிலோவை எக்காரணம் கொண்டும் தொடாத அடிப்படை இருப்பாக ஒதுக்குவோம். மீதி 660 கிலோவைக் குடும்பத்துக்கு 30 கிலோ வீதம் 22 குடும்பங்களுக்குக் கடனாகத் தரலாம். ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ கேழ்வரகு சமைத்தால், 30 கிலோ 20 நாட்களுக்கு வரும். நியாய விலைக் கடை அரிசியுடன் சேர்த்துச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் ஒன்றரை மாதம்வரை தாங்கும்.

திருப்பிச் செலுத்தும்போது 5 கிலோவுக்கு 1 கிலோ கூடுதல் என்று வைத்தால், ஒவ்வொருவரும் 36 கிலோ தரவேண்டும். 22 குடும்பங்களும் செலுத்தினால் 792 கிலோ. அடிப்படை இருப்பையும் சேர்த்து 867 கிலோ. தொடக்கத்தில் இருந்ததைவிட 117 கிலோ அதிகம். இதில் 60 கிலோவை, திருப்பித் தர இயலாத முதியோர் மூவருக்குத் தலைக்கு 20 கிலோவாகக் கொடுத்தாலும், அடுத்த ஆண்டு இருப்பு 807 கிலோவாக வளர்ந்திருக்கும். இதே 30 கிலோவை ஒன்றுக்கு ஒன்றரை என்று வெளியில் வாங்கியிருந்தால் 45 கிலோ தரவேண்டியிருக்கும். குடும்பத்துக்கு 9 கிலோ மிச்சம். 22 குடும்பங்களுக்கும் சேர்த்து 198 கிலோ வீட்டிலேயே தங்குகிறது.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று குடும்பங்கள் திருப்பித் தராவிட்டால், வசூல் 684 கிலோ. அடிப்படை இருப்புடன் 759 கிலோ. முதல் தப்பிவிடும். நான்காவது குடும்பமும் தவறினால் 723 கிலோதான். அதாவது முதலே கரையத் தொடங்குகிறது. ஆகவே 22 பேரில் மூவர் தவறினால் வங்கி தாங்கும். நான்காமவர் தவறினால் தாங்காது. இக்கணக்கை உறுப்பினர் அனைவரும் மனத்தில் பதித்துக்கொண்டால், 'நான் ஒருவன் தராவிட்டால் என்ன?' என்ற கேள்விக்கு இடமிருக்காது.

உழைப்பும் ஒரு வைப்பே

தானிய வங்கிக்குச் சம்பள ஆள் வைத்தால், சேரும் கூடுதல் முழுவதும் சம்பளத்துக்கே போய்விடும். எனவே பணிகளை முறைவைத்துச் செய்வதே ஏற்றது. வாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் என்று வைத்தால், 40 குடும்பங்களுக்கு ஒரு சுற்று முடிய 20 வாரங்கள் ஆகும். ஆண்டில் இரண்டு அல்லது மூன்று முறைதான் ஒரு வீட்டிற்கு முறை வரும். களஞ்சியத்தைப் பெருக்குவது, கூரை ஒழுக்கு, எலிப்பொந்து ஆகியவற்றைப் பார்ப்பது, வெயில் நாளில் தானியத்தைக் காயவைப்பது ஆகியவை முறைக்காரரின் வேலைகள்.

நிலமில்லாதவர் செய்யும் உழைப்பைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். களத்தில் தூற்றிப் புடைப்பது, மூட்டை கட்டுவது, களஞ்சியச் சுவருக்கு மண் பூசுவது போன்ற வேலைகளுக்கு, எத்தனை நாள் உழைப்பு 25 கிலோ வைப்புக்குச் சமம் என்று முதற்கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம். இவ்வாறு பங்கு செலுத்தியவர் கடன் கேட்கும்போது தலை குனிய வேண்டியதில்லை. அவர் கேட்பது தருமம் அன்று. தாம் உழைத்துச் சேர்த்ததில் தம் பங்கு. அவர் பெற்ற கடனை அறுவடைக் கூலியாகக் கிடைக்கும் தானியத்தைக் கொண்டு அடைக்கலாம். உரிமையாளர் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் தரிசு நிலத்தில் கூட்டாகக் கேழ்வரகு அல்லது சாமை விதைத்து, அதில் செய்யும் வேலையின் மூலமும் ஈடு செய்யலாம்.

சேமிப்பில் கவனிக்க வேண்டியவை

பத்து வீட்டுத் தானியம் ஒன்றாகச் சேரும்போது, ஒரு வீட்டு வண்டு பத்து வீட்டுத் தானியத்தையும் கெடுத்துவிடும். எனவே, கீழ்க்கண்ட முறைகளைத் தவறாமல் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. தானியத்தின் ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நன்கு காய்ந்த தானியத்தைப் பல்லில் கடித்தால் 'கடுக்' என்ற ஓசையுடன் உடையும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும் என்று பொருள். காய்ந்த தானியத்தைச் சூடு ஆறிய பின்னரே மூட்டை கட்ட வேண்டும்.

2. பதர், கல், உடைந்த மணி ஆகியவற்றை நீக்கிய பின்னரே வங்கி தானியத்தை ஏற்க வேண்டும். வண்டு விழுந்த தானியத்தை, எவர் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

3. பழைய கோணிப்பைகளைக் கொதிநீரில் நனைத்து, நன்கு வெயிலில் உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். புதிய தானியத்தைப் பழைய தானியத்துடன் கலக்கக்கூடாது.

4. மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி அடுக்கினால், ஈரம் ஏறாது. சுற்றி வந்து பார்க்கவும் இடம் இருக்கும்.

5. கேழ்வரகு, சாமை, வரகு போன்றவை நீண்ட நாள் கெடாமல் இருக்கும். சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றில் மூக்கு வண்டு விரைவில் விழும். எனவே அவற்றை முதலில் கடன் கொடுத்துவிட்டு, கேழ்வரகையும் சாமையையும் பிந்திய மாதங்களுக்கு வைப்பது நன்று. துவரையைச் செம்மண் கட்டியோ பருப்பாக உடைத்தோ வைத்தால் பயறு வண்டின் தாக்குதல் குறையும்.

6. உலர்ந்த வேப்பிலை, நொச்சி இலை ஆகியவற்றைத் தானியத்துடன் இட்டு வைக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் காயாத தானியத்தை அவை காப்பாற்றா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப் பூச்சிப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், நடமாடும் வண்டுகள் அதனுள் விழும். வண்டு பெருகுவதற்கு முன்பே கண்டுகொண்டு, தானியத்தை எடுத்துக் காயவைக்கலாம்.

7. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை ஊர்க் களஞ்சியத்தில் தாமாக வைப்பது உயிருக்கே ஆபத்தாகும். அதிலிருந்து வெளிவரும் நச்சுப் புகை, சுவரை ஒட்டிய வீட்டில் உறங்குபவரையும் கொல்லக்கூடியது. பயிற்சியும் அனுமதியும் பெற்றவரைத் தவிர வேறு எவரும் அதனைக் கையாளக்கூடாது.

8. விதைத் தானியத்தைத் தனி அறையில், வேறு நிறப் பையில் வைக்க வேண்டும். மருந்து கலந்த விதை ஒருபோதும் உணவுத் தானியத்துடன் சேரக்கூடாது.

விதிமுறைகள்

வங்கி தொடங்கும் முன்பே ஊர்க் கூட்டத்தில் பேசி எழுதி வைக்க வேண்டியவை பின்வருமாறு:

* நிர்வாகக் குழுவில் ஐவர் அல்லது எழுவர் இருக்கலாம். பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருப்பது நலம். வீட்டில் எந்த நாள் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

* களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுகள், சாவிகள் இருவரிடம். இருவரும் இல்லாமல் கதவு திறக்கக்கூடாது.

* வாங்குவதும் கொடுப்பதும் ஒரே தராசில், எடை போட்டே நடக்க வேண்டும். படிக்குப் படி அளவு மாறும். மனத்தாங்கல் அங்குதான் தொடங்கும்.

* மாதம் ஒரு நாள், கணக்கு நோட்டை அனைவர் முன்பும் உரக்கப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தம் கணக்கு காதில் விழ வேண்டும்.

* முந்தைய கடன் அடையாமல் மறுகடன் இல்லை. எனினும், மழை பொய்த்து விளைச்சல் இழந்தவருக்குக் கூடுதலைத் தள்ளுபடி செய்து, ஓராண்டு தவணை தரலாம். முதலைத் தள்ளுபடி செய்தல் ஆகாது. அது மற்றவர்களின் தானியம்.

* தானியத்தை வெளியில் விற்பதாயின் ஊர்க் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

சில ஆண்டுகள் நன்கு நடந்த பின்னர், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுவோ உழவர் மன்றமோ இதனை ஏற்று நடத்துவது எளிது.

நியாய விலைக் கடை இருக்கும்போது இது எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. நம் மாநிலத்தில் நியாய விலைக் கடை அரிசி பெரும் பசியைப் போக்கியுள்ளது. தானிய வங்கி அதற்கு மாற்று அன்று; துணையே. கடை அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும், சிறுதானியத்தின் நார்ச்சத்தும், பயறு வகைகளின் புரதமும் அதில் போதிய அளவில் இல்லை. வளரும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் இவை இன்றியமையாதவை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மேலும், ஆடியில் தேவைப்படும் விதை கடையில் கிடைப்பதில்லை. மழையால் பாதை அறுந்துபோகும் மலைக் கிராமத்திற்குக் கடைச் சரக்கு உரிய நாளில் வந்து சேருவதும் இல்லை. இந்த இடைவெளிகளை ஊர்க் களஞ்சியம் நிரப்பும்.

முடிவுரை

தானிய வங்கி தொடங்கப் பெரிய கட்டிடம் வேண்டியதில்லை. ஒழுகாத ஓர் அறையும், ஒரு தராசும், ஒரு நோட்டும் போதும். வரும் தை அறுவடையில் 40 குடும்பங்கள் இயலாவிட்டால், 15 குடும்பங்களைக் கொண்டே தொடங்கலாம். களத்திலிருந்து தானியம் வீட்டுக்குப் போகும் முன்பே வங்கியின் பங்கை எடுத்துவிடுவது முக்கியம். வீட்டுக்குப் போன தானியம் திரும்பி வராது. சேமிப்பு முறைகள் பற்றிய பயிற்சியை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் பெறலாம்.

தையில் ஒரு மரக்கால் தானியத்தைக் கொடுப்பது எவருக்கும் பெரும் இழப்பன்று. ஆனால் ஆடியில் கிடைக்கும் ஒரு மரக்கால், ஒரு வீட்டின் விதையைக் காப்பாற்றும். விதை காப்பாற்றப்பட்டால் அடுத்த தையும் அவ்வீட்டுக்கு உண்டு. உழவர் பெருமக்கள் இதனை மனத்திற்கொண்டு, தத்தம் ஊரில் ஒரு களஞ்சியத்தை இவ்வாண்டே தொடங்கிப் பயன்பெறுவார்களாக.